ஐப்பசி மழையில் எச்சிவேரியாவைக் காப்பது எப்படி?

குலசேகரம் மாடி:
மொட்டைமாடியில் 22 தொட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் இலையிலோ தண்டிலோ தண்ணீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகள்: எச்சிவேரியா, சீடம், சோற்றுக்கற்றாழை, ரெண்டு அடினியம். போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மாடிக்குப் போனால் எச்சிவேரியா ஒன்பதும் வெந்த கத்தரிக்காய் மாதிரி. தொட்ட இலை கையோடு வருகிறது, தண்டு கறுத்துவிட்டது. வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் பனிக்கு வழி சொல்கிறார்கள். நமக்கு ஏது பனி? ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. வீட்டுக்குள் வைத்தால் கொக்குக் கழுத்தாக நீளுகிறது. கலவை செம்மண், சாணிப்பொடி, தேங்காய்நார்த் தூள். ஊட்டியிலிருந்து செம்பர்விவம் வாங்கலாமா? எதையும் தாங்குமாமே.

ஆரல் காற்று:
செம்பர்விவம் வேண்டாம் மக்கா. ஐரோப்பிய மலைச்செடி, உறைபனியைத் தாங்கும். நம் புழுக்கத்தைத் தாங்காது. குளிர் நாட்டிலும் தொட்டியில் அது சாவது பெரும்பாலும் ஈரத்தால்தான். அதனால் அந்த நாட்டுக்காரர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் கண்ணாடி போன்ற ஷீட். வெளிச்சம் வரும், காற்றும் ஓடும். ஆனால் இறுக்கிக் கட்டுங்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்று என் ஷீட் அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் போய் விழுந்தது. அவருக்கு இன்னும் கோபம்.

தக்கலைக்காரி:
நார்த்தூளை முதலில் எடுங்க தம்பி, அது பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். பழைய கூரை ஓட்டைப் பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்து, பொடியைக் கொட்டிவிட்டு, சில்லைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்க. புரட்டாசியிலேயே மாற்றி நட்டுவிடணும், மழை தொடங்கின பிறகு வேரைக் கிளறக் கூடாது. அடியில் தட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்க. அடினியம் இலை கொட்டினால் தண்ணீரே காட்டாதீங்க.

கள்ளிக்காடு:
கற்றாழைக்கு ஒன்றும் ஆகாது. என் வீட்டில் ஓடைக்கரையில் கிடக்கிறது.

குலசேகரம் மாடி:
அக்கா சொன்னதும் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தட்டு இல்லை, ஆனால் துளை தளத்தோடு ஒட்டி உட்கார்ந்து, சுற்றிலும் பாசி. தண்ணீர் போக வழியே இல்லை! இப்போது எல்லாம் செங்கல் மேல் ஏறிவிட்டன. ஷீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் போகணும். அப்புறம் ஒன்று: அழுகின செடியின் உச்சியில் மிஞ்சிய மூன்று இலையைக் காய்ந்த மணலில் சும்மா போட்டிருந்தேன். ஒன்றில் இளஞ்சிவப்பு வேர், நூல் மாதிரி.