எந்த ஊர் ரோட்டுல ரேஸ் விட்டா நல்லா இருக்கும்? உங்க சாய்ஸ் சொல்லுங்க

ஹேர்பின்பிரியன்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற கேள்வி இது. 2024 மொனாக்கோ ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸ்ல முதல் லேப்லயே பெரிய ஆக்சிடென்ட், ரெட் ஃப்ளாக் காட்டி ரேஸ நிறுத்திட்டாங்க, அந்த கேப்புலயே டயரையும் மாத்திக்கிட்டாங்க, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஊர்வலம்தான், முதல் 10 பேரும் எந்த வரிசைல கிளம்புனாங்களோ அதே வரிசைல வந்து சேந்தாங்க. அஜர்பைஜான்ல இருக்கற பாகுவும் ஊர் ரோடுதான், ஆனா அங்க சீட் நுனிலதான் உக்காந்து பாக்க வேண்டியிருக்கு. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு?

என்னோட கனவு லிஸ்ட்: லிஸ்பன், இஸ்தான்புல், சான் ஃபிரான்சிஸ்கோ. மூணுமே ஏத்தம் இறக்கமான ஊர், பக்கத்துலயே தண்ணி, ஹெலிகாப்டர்ல இருந்து காட்டுனா கண்ணு நிறையும். ஒரு ஊரைப் பாத்ததும் இது சர்க்யூட்டுக்கு ஆகும், இது ஆகாதுன்னு எதை வச்சு சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிரேக்மார்க்கர்:
ஹெலிகாப்டரை விட்டுட்டு மேப்ப எடுங்க ப்ரோ. முதல்ல தேட வேண்டியது ஒரு நீளமான அகலமான ரோடு, அது போய் முடியற இடத்துல சடார்னு ஒரு தொண்ணூறு டிகிரி திருப்பம். பாகுல கடலோரமா கிட்டத்தட்ட 2.2 கிலோமீட்டர் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காமலே வர்றாங்க, முன்னாடி போற கார் காத்தக் கிழிச்சு வழி விடுது, பின்னாடி வர்றவன் அந்த நிழல்லயே ஒட்டிட்டு வந்து கடைசில வெளிய எடுத்து பிரேக்க மிதிக்கறான். 2021ல நிறுத்துன ரேஸ் ரீஸ்டார்ட் ஆனப்போ டிரைவர் ஹாமில்டன் அந்த முதல் கார்னர்ல திரும்ப முடியாம நேரா போயிட்டாரு, கையில இருந்த பாயிண்ட் எல்லாம் ஒரு நொடில போச்சு.

ஆனா பாகுவோட உண்மையான ரகசியம் ஸ்ட்ரெயிட் மட்டும் இல்ல, பழைய கோட்டை பக்கம் இருக்கற அந்த ஏத்தம்தான். ரோடு அங்க 7.6 மீட்டருக்கு சுருங்கிடும். 2025 வரைக்கும் ஓடுன கார் 2 மீட்டர் அகலம், 5 மீட்டருக்கு மேல நீளம், ரெண்டு பக்கமும் சுவர். அங்க கார் ரோட்டோட ஒட்டணும்னா விங் (காத்த வச்சு காரை கீழ அழுத்தற இறக்கை) நிறைய வேணும், ஆனா விங் நிறைய வச்சா ஸ்ட்ரெயிட்ல வேகம் வராது. எல்லா டீமும் ஏதாவது ஒண்ண விட்டுக்குடுத்துதான் ஆகணும், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி விட்டுக்குடுக்கறாங்க, அதனாலதான் ஒருத்தர் ஒரு இடத்துல ஸ்பீடு இன்னொருத்தர் இன்னொரு இடத்துல ஸ்பீடு, ஓவர்டேக் தானா வருது. மொனாக்கோ மொத்தமே 3.337 கிலோமீட்டர், அதுல அந்த மாதிரி ஒரு ஸ்ட்ரெயிட்டுக்கு இடமே கிடையாது. 2025ல அங்க ரெண்டு பிட் ஸ்டாப் (டயர் மாத்த நிறுத்தறது) கட்டாயம்னு ரூல் போட்டுப் பாத்தாங்க, ரூல் போட்டா ரோடு அகலமாகாதே.

தார்ரோடு:
மேப்போட நிக்காதீங்க, குனிஞ்சு தரையையும் பாருங்க. நான் வழிமொழியவே மாட்டேன்னு சொல்ற ஊர் சான் ஃபிரான்சிஸ்கோவும் லிஸ்பனும், காரணம் தெருவுலயே போற டிராம் தண்டவாளம். அமெரிக்கால பால்டிமோர்ல 2011ல இருந்து 2013 வரைக்கும் இண்டிகார்ங்கற அந்த ஊர் ரேஸ் தொடர் நடந்துச்சு, மெயின் ஸ்ட்ரெயிட்டுக்குக் குறுக்கால லைட் ரயில் தண்டவாளம் போகும். முதல் வருஷம் அதுக்கு முன்னாடி ஒரு சிக்கேன் (அடுத்தடுத்து இடம் வலம்னு வளையற திருப்பம்) வச்சு வேகத்தக் குறைச்சாங்க, 2012ல அது வேணாம்னு எடுத்துட்டு பிராக்டிஸ் ஆரம்பிச்சா கார் எல்லாம் தண்டவாளத்துல பட்டு நாலு சக்கரமும் அந்தரத்துல தூக்கிட்டு வந்து விழுது, உடனே நிறுத்தி திரும்ப சிக்கேன் போட்டாங்க. நேர் ரோட்டுக்கே இந்த கதி, லிஸ்பன் மாதிரி தண்டவாளத்தோடயே வளைஞ்சு இறங்கற தெருவுல மழையும் பேஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க.

அடுத்தது மேன்ஹோல் மூடி. இதை யாரும் சீரியஸா எடுத்துக்கறது இல்ல, எனக்கு இதான் பெரிய விஷயம். ரேஸ் காரோட அடிப்பக்கம் தரையோட ஒட்டி ஓடுறப்போ கீழ காத்தழுத்தம் குறைஞ்சு உறிஞ்சற மாதிரி இழுக்கும், தெருவுல பஸ் லாரி எத்தனை போனாலும் அசையாத மூடி அந்த இழுப்புல தூக்கிக்கும். 2019 பாகு பிராக்டிஸ்ல ரஸ்ஸல் ஓட்டுன வில்லியம்ஸ் டீம் கார் அப்படித்தான் அடி வாங்குச்சு. 2023 லாஸ் வேகாஸ்ல முதல் பிராக்டிஸ் தொடங்கி பத்து நிமிஷம் கூட ஆகல, தண்ணி வால்வு மூடிய சுத்தி இருந்த கான்கிரீட் விட்டுடுச்சு, டிரைவர் சைன்ஸோட ஃபெராரி அடிப்பக்கமே கிழிஞ்சுது. பேட்டரி மாத்துனதுக்கு அவருக்கே ரேஸ் கிளம்பற வரிசைல பத்து இடம் பின்னாடி போற பெனால்டி வேற, அவர் மேல ஒரு தப்பும் இல்லாம! அடுத்த பிராக்டிஸ் ராத்திரி 2:30 மணிக்குத்தான் ஆரம்பிச்சுது, அதுக்குள்ள ஸ்டாண்டுல இருந்த ஜனங்களையும் வெளிய அனுப்பிட்டாங்க. இது எனக்கு இன்னமும் ஆறல.

மலைவளைவு:
பிரேக்மார்க்கர் சொன்னது சரி, ஆனா ஏத்தம் இறக்கத்த அவர் ஒரு வரில தாண்டிப் போயிட்டாரு. சீனாவோட மக்காவ் பாருங்க. 1954ல இருந்து அதே கியா சர்க்யூட், 6.12 கிலோமீட்டர். கீழ் பாதி கடலோரமா சமதளம், மாண்டரின் வளைவ முழு வேகத்துல எடுத்து லிஸ்போவா கார்னர்ல பிரேக், அங்கதான் சண்டை எல்லாம். அங்க இருந்து மலை ஏறுனா ஊரே மாறிடும், முன்னாடி என்ன வருதுன்னு தெரியாத வளைவு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு, மெல்கோ ஹேர்பின் (ஒரேயடியா திரும்பி வர்ற வளைவு) 7 மீட்டர் அகலம்தான், அங்க எப்பவுமே மஞ்சக் கொடி, ஓவர்டேக்குக்கு அனுமதி கிடையாது. கீழ தைரியம், மேல துல்லியம். 1983ல சென்னா, 1990ல ஷூமாக்கர்னு எஃப்1க்குக் கீழ இருக்கற ஃபார்முலா 3 காலத்துலயே அங்க ஜெயிச்சவங்க பேர எடுத்துப் பாருங்க.

ஆனா ஏத்தம் இருக்கற ஊருல தடுப்பு வேலை நூறு மடங்கு ஒழுங்கா நடக்கணும். பார்சிலோனால மோன்ஜுயிக் குன்று சர்க்யூட் அவ்வளவு அழகு. 1975ல இரும்புத் தடுப்போட போல்ட்டு சரியா முடுக்கலன்னு டிரைவருங்க பிராக்டிஸுக்கே போக மறுத்தாங்க, அப்போ ஓட்டுன ஃபிட்டிபால்டி மெதுவா ஓட்டிட்டு விலகியே போயிட்டாரு, மீதி பேர் ஓட்டுனாங்க. இன்னொரு டிரைவர் ஸ்டோமலன் காரோட பின் விங் உடைஞ்சு தடுப்பைத் தாண்டிப் போய் பாத்துட்டு இருந்தவங்க உயிர் போச்சு. அதோட அங்க எஃப்1 முடிஞ்சுது.

பூங்காபாதை:
எல்லாரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க, அந்த ரோட்டுல தினமும் போய் வர்ற மக்கள். மொனாக்கோல தடுப்பும் ஸ்டாண்டும் கட்டவே வாரக்கணக்கா ஆகுது. ஆஸ்திரேலியால அடிலெய்டுல 1985ல இருந்து 1995 வரைக்கும் எஃப்1 நடந்ததுக்கு பாதி காரணம், ஊர் நடுவுல சாலையோட ஒட்டுன விக்டோரியா பார்க், டயர் மாத்தற பிட்டும் அங்கயே. அமெரிக்கால லாங் பீச்ல 1975ல ஆரம்பிச்ச ரேஸ் இன்னும் ஓடுது. அதுக்காக துறைமுகம் இருந்தா போதும்னும் சொல்ல மாட்டேன், ஸ்பெயின்ல வலென்சியா 2008ல பெரிய துறைமுகத்துல பாலமெல்லாம் தாண்டி 5.4 கிலோமீட்டருக்குப் போட்டாங்க, 2012ஓட கதை முடிஞ்சுது. திருப்பம் 25 இருந்துச்சு, ஒண்ணாவது ஞாபகம் இருக்கா யாருக்காவது?

ஹேர்பின்பிரியன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சான் ஃபிரான்சிஸ்கோவ எடுத்துட்டேன். இஸ்தான்புல் இருக்கட்டும், ஆனா பழைய நகரத்துக்குள்ள இல்ல, கடலோர ரோடும் மேல ஏறற ஒரு தெருவும் போதும். லிஸ்பனுக்கு பதிலா போர்ச்சுகல்லயே வேற ஊர் எதாவது?

மலைவளைவு:
போர்ட்டோ. பொவிஸ்டா அவென்யூ கடல் வரைக்கும் நேரா இறங்கும், 1958லயும் 1960லயும் எஃப்1 அங்கதான். அப்போ கல் பாவுன இடமும் டிராம் தண்டவாளமும் இருந்துச்சு, அதுலயே ஓட்டுனாங்க. 58ல டிரைவர் ஸ்டிர்லிங் மாஸுக்கு ஹாதார்ன்தான் சாம்பியன்ஷிப்ல நேர் போட்டி, ஹாதார்ன டிஸ்குவாலிஃபை பண்ண இருந்தப்போ மாஸே போய் அவர் மேல தப்பில்லன்னு சாட்சி சொன்னாரு. வருஷக் கடைசில மாஸ் பட்டத்த ஒரே ஒரு பாயிண்ட்ல ஹாதார்ன்கிட்டயே விட்டாரு.

தார்ரோடு:
போர்ட்டோன்னா நானும் ஓட்டு போடறேன். தண்டவாளம் வர்ற இடத்துல மட்டும் தார் ஊத்தி மூடிட்டு ரேஸ் முடிஞ்சதும் எடுத்துடலாம், 2016ல பாகுல கோட்டை பக்கம் கல் ரோட்டுக்கு அப்படித்தான் பண்ணாங்க.