ஜூஸ்தீன் எதற்காக அந்தச் சன்னலை மூடப் போனாள்?

செங்காங் வாசகி எழுதியது:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் ஆறு பேர் இருக்கிறோம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவோம். சென்ற கூட்டத்துக்கு பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி தெ சாத் எழுதிய ‘ஜூஸ்தீன்’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வந்திருந்தோம். பாதியிலேயே மூடி வைத்துவிட்டதாக இருவர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் சில பக்கங்களைப் பெருவிரைவு ரயிலில் அட்டை தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோரை இழந்த இரு சகோதரிகளில் மூத்தவளான ஜூலியத் அறத்தைக் கைகழுவிவிட்டுச் செல்வத்தில் திளைக்கிறாள். இளையவளான ஜூஸ்தீன் அறத்தை விடாமல் பற்றிக்கொண்டு அடிமேல் அடி வாங்குகிறாள். பிச்சை கேட்ட கிழவிக்குக் காசு எடுக்கப் பையைத் திறந்தால் பையே பறிபோகிறது. அடிபட்டுக் கிடந்த ரொலான் என்பவனுக்குப் பணிவிடை செய்து உயிர் காத்தால், அவன் அவளைத் தன் மலைக்கோட்டைக்கு அழைத்துப்போய்ச் சக்கரம் சுற்றும் அடிமையாக்குகிறான். அவனோ கள்ளநாணயம் அடித்துச் செல்வந்தனாகிறான். கடைசியில் அக்காள் வீட்டில் அடைக்கலம் கிடைத்து, இனியாவது நிம்மதி என்று நாம் நினைக்கும்போது, இடிக்கு அஞ்சிய அக்காளுக்காகச் சன்னலை மூடப் போனவள் மின்னல் தாக்கி இறக்கிறாள்.

இந்நூல் அறத்தையே பழிக்கிறது என்றார் ஒருவர். மதத்தைப் பழிக்கிறது என்றார் இன்னொருவர். அறத்துக்குக் கூலி உண்டு என்ற நம்பிக்கையை மட்டுமே அது உடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. அவளைத் துன்புறுத்துபவர்கள் அனைவரும் வாய் ஓயாமல் தங்கள் செயலுக்கு நியாயம் பேசுகிறார்கள். கதவைப் பூட்டி, ஆளைக் கட்டிப்போட்டு, எல்லா அதிகாரமும் கையில் இருப்பவனுக்குச் சொற்பொழிவு எதற்கு? உங்கள் வாசிப்பு என்ன?

தேக்கா நூல்வண்டு எழுதியது:

இந்நூல் எந்த நூல்களுக்கு எதிராக எழுந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் வாசிப்புக்கே வலு சேர்கிறது. இங்கிலாந்தில் ரிச்சர்ட்சன் 1740ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பமீலா’ நாவலின் துணைத்தலைப்பே, நற்குணம் பரிசு பெறுகிறது என்ற பொருள் தருவது. வேலைக்காரப் பெண் தன் கற்பைக் காத்துக்கொண்டு எசமானனையே மணக்கிறாள். சாத் தம் நூலுக்கு ‘நற்குணத்தின் துன்பங்கள்’ என்று துணைத்தலைப்பு வைத்தது அதே வகையான கதையைத் தலைகீழாகக் கவிழ்ப்பதற்குத்தான். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்த பிறகு, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை 1759இல் வால்டேர் ‘காந்தீது’ நூலில் கேலி செய்திருந்தார். சாத் அதே பாதையில்தான் போகிறார், ஆனால் வால்டேரின் சிரிப்பு இவரிடம் இல்லை.

சன்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இக்கதையை அவர் மூன்று முறை எழுதினார். 1787இல் பாஸ்டீல் சிறையில் எழுதிய முதல் வடிவம் 1930 வரை அச்சேறவில்லை. 1791இல் பெயர் போடாமல் வெளிவந்ததே நீங்கள் படித்தது. அதில் தங்கையின் சாவைக் கண்டு மனம் மாறிய ஜூலியத் கார்மலைட் மடத்தில் துறவியாகிறாள். 1797இல் வந்த மூன்றாம் வடிவத்திலோ அக்காளின் கூட்டாளிகளே ஜூஸ்தீனை வேண்டுமென்று புயலில் வெளியே துரத்துகிறார்கள், மின்னல் விழுந்ததும் மகிழ்கிறார்கள், யாரும் மனம் மாறவில்லை. முதலில் எழுதிய பக்தி முடிவு தணிக்கைக்கு அஞ்சிய பாசாங்கா, அல்லது அதுவும் ஒரு நக்கலா என்று வாசகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் நக்கல்தான். ஒரு பாவமும் அறியாதவளைக் கொன்று பாவியைத் திருத்துகிற கடவுளை யாராலும் புகழ்ச்சியாக எழுதியிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் வினாவைப் படித்ததும் எனக்குக் குறள்தான் நினைவுக்கு வந்தது.

அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான்
கேடும் நினைக்கப் படும்.

பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் ‘நினைக்கப்படும்’ என்று மட்டும் சொல்லி வள்ளுவர் நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்ட பரிமேலழகர் பழவினையைக் காட்டினார். சாத்தின் உலகில் பழவினையும் இல்லை, மறுபிறவியும் இல்லை. எனவே அந்த ‘நினைக்கப்படும்’ அங்கே ஆறாமல் கிடக்கிறது. நம் அரிச்சந்திரன் கதையில் மனைவியை விற்றாலும், மகனைப் பாம்பு தீண்டினாலும், இறுதியில் எல்லாம் திரும்பக் கிடைக்கின்றன. ஜூஸ்தீனின் கதை, கடைசி ஏட்டைக் கிழித்துவிட்ட அரிச்சந்திரன் கதை என்று வகுப்பில் சொல்லியிருப்பேன். (உயர்நிலைப்பள்ளியில் இதைப் பாடமாக வைக்க யார் விடுவார்கள்!)

ஆயினும் பக்தியும் கொடுமையும் ஒரே வீட்டில் குடியிருப்பது பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. பெரியபுராணத்தில் வரும் சிறுத்தொண்டர், பைரவ வேடத்தில் வந்த அடியாருக்காகத் தம் மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்தார். தாயார் கால்களைப் பற்றிக்கொள்ள, பெற்றோர் பெரிதும் மகிழ்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் குழந்தையும் சிரித்தது என்று சேக்கிழார் பாடுகிறார். நாற்பது ஆண்டுகள் நான் இப்பகுதியைப் பக்திச்சுவைக்கு எடுத்துக்காட்டாக நடத்தினேன். பேத்தி பிறந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு என்னை உறங்கவிடாமல் செய்தது. இறுதியில் அழைத்ததும் குழந்தை உயிரோடு ஓடி வந்துவிடுகிறது என்பது உண்மை. ஓடி வராத உலகில் அக்கதையைப் படிக்க முடியுமா என்றுதான் சாத் கேட்கிறார் என்று நான் கொள்கிறேன்.

இரவுப்பணித் தாதி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் மறுமொழியை மதிக்கிறேன். ஆனால் உரையாடல் முழுவதும் கடவுளுக்கும் எழுத்தாளருக்கும் இடையிலேயே நடக்கிறது. அந்தப் பெண் எங்கே போனாள்?

என்னை உலுக்கியது மடத்துப் பகுதி. அற்புதம் நிகழ்த்தும் மாதாவை வணங்க ஜூஸ்தீன் காட்டு வழியே போகிறாள். மடத்தலைவர் செவெரினோ அவளுடைய பாவமன்னிப்பைக் கேட்பதாக அமர்ந்து, உனக்கு உறவினர் உண்டா, நீ இங்கே வந்தது யாருக்காவது தெரியுமா என்று விசாரிக்கிறார். இல்லை என்று அவள் உண்மையைச் சொல்கிறாள். அந்த இல்லை என்ற பதில்தான் பூட்டு. வார்டில் புதிதாக வரும் நோயாளியிடம் நானும் இதையேதான் கேட்கிறேன்: உடன் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும்? தனியாக வாழும் முதியவர் ஒருவர் “யாரும் இல்லை” என்று சொன்ன இரவில், அப்பக்கம் நினைவுக்கு வந்து என் பேனா ஒரு கணம் நின்றுவிட்டது. கேட்கப்படும் சொற்களில் வேறுபாடே இல்லை. படிவத்தை மூடிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மதத்தை இந்நூல் பழிக்கிறதா என்று கேட்டீர்கள். நம்பி வருபவளின் நம்பிக்கையைச் சாவியாக்கிக்கொள்ளும் எந்த இடத்தையும் அது காட்டிக்கொடுக்கிறது என்பேன்; அது மடமாக இருப்பது அக்காலத்தின் வழக்கம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவர் தம் காலைத் தாமே வைக்கிறார். வலியைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் எழுதியவருக்கு இதற்காக நான் நன்றி சொல்லப் போவதில்லை. 1768ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பாரிஸ் வீதியில் பிச்சை கேட்டு நின்ற ரோஸ் கெல்லர் என்ற கைம்பெண்ணை, வீட்டுவேலை தருவதாகச் சொல்லி ஆர்க்கேயில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, பூட்டிவைத்துச் சாட்டையால் அடித்தவர் இதே சாத். அப்பெண் படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுச் சன்னல் வழியே இறங்கித் தப்பினார். 2,400 லீவ்ர் பணம் கொடுத்து அவருடைய புகார் திரும்பப் பெறவைக்கப்பட்டது. சாத் சில மாதங்கள் காவலில் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

செங்காங் வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாதிச் சகோதரியின் மறுமொழியைப் படித்த பிறகு, நான் கேட்ட சொற்பொழிவுக் கேள்விக்கு ஒரு விடை தெரிவதுபோல் இருக்கிறது. ரோஸ் கெல்லர் அதிகாரிகளிடம் நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னது பதிவாயிற்று. நாவலில் துன்புறுத்துபவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுவது அப்படி ஒரு வாக்குமூலத்துக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்போல் எனக்கு இப்போது கேட்கிறது. ஜூஸ்தீனைத் தவறு செய்தவள் என்று ஒப்புக்கொள்ளவைக்க அவர்களால் முடிவதே இல்லை. அதனால்தான் ஒருவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் தொடங்க வேண்டியிருக்கிறது.

தேக்கா நண்பர் சொன்னதுபோல முடிவு நக்கல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் அவள் சன்னலை மூடப் போனது இடிக்கு அஞ்சிய ஒருத்திக்காகத்தான். அந்தச் செயலைக் கேலிக்குரியதாக்க 1791இல் அவரால் முடியவில்லை என்றும், அதனால்தான் 1797இல் சன்னலையே எடுத்துவிட்டு அவளைத் தெருவில் தள்ளினார் என்றும் நான் ஐயப்படுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த மூன்றாம் வடிவத்தின் இறுதிப் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுவருகிறேன். ஆசிரியர் ஐயா சிறுத்தொண்டர் புராணத்தோடு வர இயலுமானால், கல்மேசையில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது.