கதவு ரப்பருக்கு எந்தக் கோட்? சரக்கு எல்லையில் நிற்கிறது, அவசரம்

பிறைக் கடை (திங்கள், காலை 9.12)
வணக்கம். கார் டோர் ரப்பர் சரக்கு மலேசிய எல்லையில் வந்து நிற்கிறது. சப்ளையர் போட்ட சுங்கக் கோட் (வரி வகை எண்) 8708.29, அதாவது கார் பாகம். சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது ரப்பர், 40-ஆம் அத்தியாயம் என்கிறார். வரி வித்தியாசத்தைக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். கட்டுவதா, எதிர்த்துக் கேட்பதா? மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஜாலான் ஈப்போ (9.20)
எந்த நாட்டுச் சரக்கு? எந்த நாட்டில் செய்தது என்ற சான்றிதழ் ஃபார்ம் இருக்கிறதா? ரோலா, வண்டிக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியதா? இதெல்லாம் சொல்லாமல் கோட் மட்டும் கேட்டால் யார் என்ன சொல்வது?

பட்டறைக்காரன் (9.31)
அண்ணே, விட்டுக்கொடுக்காதீர்கள். சாகா கார்க் கதவு ரப்பர் சாகாவுக்குத்தான் போகும், வேறு எதற்கும் ஆகாது. காருக்கென்றே செய்த பொருள் கார் பாகம். 8708தான் சரி. நான் 15 வருஷமாக இதை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கே1 (9.48)
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. சுங்கக் கட்டண நூலை வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது, முன்னால் இருக்கும் குறிப்புகளைப் படிக்க வேண்டும். வண்டிகள் வருவது 17-ஆம் பிரிவு. அதன் இரண்டாம் குறிப்பின் முதல் வரியே சொல்கிறது: ஜாயின்ட், வாஷர், அதைப் போன்றவை எந்தப் பொருளால் செய்ததாக இருந்தாலும் 'பாகம்' ஆகாது, செய்த பொருளை வைத்துத்தான் வகை. வல்கனைஸ் செய்த (சூட்டில் பதப்படுத்திய) ரப்பர் சாமான்கள் 4016-க்குப் போகும் என்றும் அங்கேயே இருக்கிறது. காருக்கென்றே செய்தது என்ற வாதம் அந்தக் குறிப்போடு முடிந்துபோகிறது. பட்டறையில் மாட்டுவது வேறு, டிக்ளேர் பண்ணுவது வேறு தம்பி.

பட்டறைக்காரன் (9.55)
படித்தவர் நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டிப் பார்த்த அனுபவத்தை இப்படித் தள்ளிவிடாதீர்கள் ஐயா.

ரோல் வியாபாரம் (10.03)
ஏன் எல்லோரும் 4008-ஐ மறந்துவிட்டீர்கள்? அச்சில் தள்ளி நீளமாக வரும் புரொஃபைல் 4008. ஸ்பாஞ்சாக இருந்தால் 4008.19, கெட்டியாக இருந்தால் 4008.29. நான் அப்படித்தான் எடுக்கிறேன், ஒரு தடவைகூடப் பிரச்சினை வந்ததில்லை.

பழைய கே1 (10.10)
உங்களுடையது ரோல், அதனால் வரவில்லை. 40-ஆம் அத்தியாயத்தின் ஒன்பதாம் குறிப்பைப் பாருங்கள். நீளத்துக்கு வெட்டலாம், மேற்பரப்பில் வேலை செய்யலாம், அதற்குமேல் கைவைத்தால் அது 4008-இன் புரொஃபைல் இல்லை. முனையோடு முனை ஒட்டி வளையமாக்கியது, மூலைக்குத் தனி அச்சு வார்த்தது, இவையெல்லாம் 4016. அடைப்புக்கென்றே செய்த சீல் என்றால் 4016.93.

பிறைக் கடை (10.26)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தாய்லாந்துச் சரக்கு, லோரியில் வருகிறது. ஆசியான் வரிச்சலுகைக்கான ஃபார்ம் டி இருக்கிறது, அதிலும் 8708.29. சாகா, மைவி கார்களுக்கு. மூன்று வகை: கதவைச் சுற்றி வரும் வளையம், சாதாரண ஸ்பாஞ்ச் ரோல், கண்ணாடிக்கு வெளியே ஓடும் பட்டை. மூன்றையும் 'டோர் ரப்பர்' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள்.

ஜாலான் ஈப்போ (10.31)
சிக்கலே அந்த ஒரே வரியில்தான்! கடையில் பழைய ஸ்டாக் இருக்குமே. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிறைக் கடை (11.05)
வெட்டினேன். வளையம்: அடியில் U மாதிரி கெட்டி ரப்பர், அதற்குள் சீப்புப் பல் போல வெட்டிய இரும்புத் தகடு. மேலே வெற்றுக் குழாய் மாதிரி மெத்தென்ற ஸ்பாஞ்ச், விரலால் அமுக்கினால் உடனே எழுகிறது. ஒட்டிய இடம் நகத்துக்குத் தட்டுப்படுகிறது. ரோல்: உள்ளே ஒன்றுமில்லை, முழுக்க ஸ்பாஞ்ச். வெளிப்பட்டை: பளபளப்பு, கொஞ்சம் விறைப்பு. சப்ளையர் தாளில் முதல் இரண்டுக்கு இபிடிஎம், மூன்றாவதற்கு டிபிவி என்று இருக்கிறது.

பட்டறைக்காரன் (11.12)
அந்தப் பட்டையைக் கொளுத்திப் பாருங்கள். உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக், கருகினால் ரப்பர்.

ரோல் வியாபாரம் (11.15)
கொளுத்துவதெல்லாம் எதற்கு? இழுத்துப் பார்த்தால் போதும். மூன்று மடங்கு இழுத்தும் அறாமல் இருந்தால் ரப்பர்.

பழைய கே1 (11.24)
இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். இழுப்புக் கணக்கு நான்காம் குறிப்பில் இருப்பது, செயற்கை ரப்பருக்கு. 18 முதல் 29 டிகிரி வெப்பத்தில் மூன்று மடங்கு இழுத்தும் அறக்கூடாது. இரண்டு மடங்கு இழுத்துவிட்டால் 5 நிமிடத்தில் பழைய நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் திரும்ப வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: கந்தகத்தால் வல்கனைஸ் செய்தால் திரும்ப உருகாத பொருளாக மாற வேண்டும். டிபிவி என்பது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்குக்குள் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் துகள். சூடாக்கினால் மறுபடி உருகும். அது 39-ஆம் அத்தியாயம், பிளாஸ்டிக் பக்கம். இதையெல்லாம் கையில் இழுத்தும் லைட்டரில் கொளுத்தியும் முடிவு செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் மாதிரி வேதியியல் துறைக்குப் போகும்.

தோட்டத்துப் பிள்ளை (11.40)
கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளை நட்ட கோலாகங்சார் நம் நாட்டில்தான் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்த ஊர் இது. இன்றைக்கு ஒரு கதவு ரப்பருக்கு தாய்லாந்திடம் கையேந்துகிறோமே.

ஜாலான் ஈப்போ (11.52)
உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணே. ஆனால் இது மரத்துப் பாலே இல்லை. இபிடிஎம் எத்திலீன், புரொப்பிலீன் வாயுவிலிருந்து வருவது. மரத்து ரப்பரின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. வெயிலும் ஓசோனும் அங்கேதான் கடிக்கும், வெடிப்பு விழும். இபிடிஎம்மில் முதுகுச் சங்கிலியில் அது இல்லை. வெளியிலேயே நிற்கும் காருக்கு அதைப் போடுவது அதனால்தான்.

தோட்டத்துப் பிள்ளை (12.01)
அது எனக்கும் தெரியும். மரத்துப் பாலில் அந்தக் காலத்தில் செய்யாததா? தரமாகச் செய்தால் நிற்கும். என் அப்பாவின் பழைய வண்டியில் ரப்பர் 20 வருஷம் இருந்தது.

பட்டறைக்காரன் (12.08)
அப்பாவின் வண்டி போர்ச்சில் நின்றிருக்கும் அண்ணே. ஃபிளாட்டுக்குக் கீழே வெயிலில் நிற்கும் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், காட்டுகிறேன். மழைக்கு ஒழுகி, கார்ப்பெட் நாறி, கதவுக்குக் கீழே தகடே அரித்துப்போய் வருகிறது.

ஜாலான் ஈப்போ (12.15)
சரி, தம்பி காத்திருக்கிறார். பிறைக் கடை, ஏஜென்டிடம் மூன்று வரியாகப் பிரித்துத் திருத்தச் சொல்லுங்கள். வளையம் 4016.93. ரோலுக்கு 4008.19 கேளுங்கள். வெளிப்பட்டையை டிபிவி என்று வெளிப்படையாக எழுதி 39 பக்கம் கொண்டுபோங்கள். 'டோர் ரப்பர்' என்று பெயரை எழுதாமல், என்ன பொருள், என்ன வடிவம், உள்ளே தகடு உண்டா இல்லையா என்று எழுதுங்கள். வெட்டிய துண்டுகளின் படத்தையும் சப்ளையர் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிறைக் கடை (12.19)
ஃபார்ம் டி செல்லாது, முழு வரி கட்ட வேண்டும் என்கிறாரே ஏஜென்ட்?

பழைய கே1 (12.27)
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான். நல்லெண்ணத்தில் கோட் மாறிப்போனது என்பதற்காக மட்டும் ஃபார்ம் டி-யைத் தூக்கிப்போட முடியாது. ஆசியான் ஒப்பந்தத்தின் சான்றிதழ் விதிகளிலேயே வகைப்பாட்டு வேறுபாட்டுக்கு வழி சொல்லியிருக்கிறது. ஆனால் புதிய கோடுக்கு உரிய தோற்ற விதியை, அதாவது ஆசியானில் செய்தது என்று கொள்வதற்கான நிபந்தனையை, சரக்கு நிறைவேற்ற வேண்டும். அதற்குச் சப்ளையரிடம் செலவுக் கணக்கு கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் பேசித் தீர்க்காதீர்கள், தொழில்நுட்பச் சேவைப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்த லோரிக்கு முன்னால் சுங்கச் சட்டம் 10பி பிரிவில் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிவிடுங்கள் தம்பி. அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் யாரும் ஏதும் கேட்க மாட்டார்கள்.

பிறைக் கடை (வெள்ளி, இரவு 8.40)
சரக்கு கடைக்கு வந்துவிட்டது. மூன்று வரியாகப் பிரித்தோம், ஃபார்ம் டி-யை ஏற்றுக்கொண்டார்கள். வெளிப்பட்டையில் மட்டும் மாதிரி எடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி, ஐயாவுக்கு ரொம்ப நன்றி.

ரோல் வியாபாரம் (வெள்ளி, இரவு 8.52)
ரோலுக்கு 4008.19-ஐ அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? எனக்கு அடுத்த வாரம் வருகிறது, கொஞ்சம் சொல்லுங்கள்.

ரோல் வியாபாரம் (செவ்வாய், காலை 10.15)
பிறைக் கடை, இருக்கிறீர்களா?