புதுப்பிப்பு: நுவரெலியா குளிரும் எங்கள் இங்கிலிஷ் டாய் டெரியரும்

எங்கள் நாய்க்குட்டி இந்தக் குளிரில் நடுங்குகிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது நன்றாக இருக்கிறாள்.

இந்த இனம் வளர்ந்தாலும் 3 கிலோ சொச்சம்தான். ரோமமும் குட்டை, குளிர் தாங்காது. அம்மா பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி, முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தந்தார். அதுதான் சட்டை. மழையில் நனைந்தால் உடனே துடைத்துவிடுகிறோம், மெழுகுவர்த்திச் சுடர் போல நிற்கும் காது நுனி வரைக்கும்.

அப்புறம், பலர் கேட்டீர்கள்: ஆமாம், எலியைக் கண்டால் விடமாட்டாள்! 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலி பிடிப்பதற்குப் பேர்போன இனம். இன்று அங்கேயே அருகிவிட்டது, அதுதான் வருத்தம்.

தேயிலைத் தோட்டப் பக்கம் சிறுத்தை நடமாடும், நாயைத் தூக்கிவிடும். இருட்டிய பிறகு தனியாக வெளியே விடவே மாட்டோம்.