பெரியப்பாவுக்கு நான்கு மதிப்பெண்

அண்ணன்: புற்றுநோய்க்காக அப்பாவுக்கு எடுத்த புராஸ்டேட் சுரப்பியின் திசுப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. மூன்று பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

பெரியம்மா: 'ஓரம் பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருக்கிறது. இரவெல்லாம் தூங்கவில்லை.

அத்தை: மிச்சம் வைத்துவிட்டார்களா மதினி?

சித்தி: திரும்பி வந்துவிடுமா?

சித்தப்பா: யாரும் பதற வேண்டாம். மூன்று முறை படித்துவிட்டேன். எடுத்த புராஸ்டேட்டின் மேற்பரப்பு முழுவதும் மை பூசுவார்கள். பிறகு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோய் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'ஓரம் பாசிட்டிவ்'. அதனாலேயே உள்ளே மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வெட்டிய இடத்தோடு அது முடிந்தும் போயிருக்கலாம். ஆனால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது, அதை மறைக்க மாட்டேன்.

அத்தை: மையா?

சித்தப்பா: மைதான். இன்னும் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட காப்ரா-எஸ் என்ற கணக்கு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும் ஆபத்தை மதிப்பெண்ணாகச் சொல்லும். அறுவை சிகிச்சைக்கு முன் என் அண்ணனின் பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் சுரந்து ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு, 8.4, அதற்கு 1. கிளீசன், அதாவது புற்றுநோய் செல்கள் எவ்வளவு தீவிரமாகத் தெரிகின்றன என்ற தரம், 3+4, அதற்கு 1. ஓரத்துக்கு 2. புராஸ்டேட்டின் உறையைத் தாண்டவில்லை, விந்துப்பையில் இல்லை, நிணநீர்க் கணுவிலும் இல்லை. ஆக மொத்தம் 4.

அத்தை: எத்தனைக்கு?

சித்தப்பா: 12க்கு.

அத்தை: அண்ணன் பள்ளியில் இவ்வளவு குறைவாக வாங்கியதே இல்லையே.

சித்தப்பா: இதில் குறைந்தால்தான் நல்லது. 2 வரை ஆபத்து குறைவு, 3 முதல் 5 நடுத்தரம், 6 முதல் அதிகம்.

அண்ணன்: தாத்தாவின் கிணற்றுப் பங்கையும் இப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள் சித்தப்பா.

சித்தி: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

அத்தை: முள்சீத்தா இலைக் கஷாயம் நல்லது என்கிறார்கள். மரம் என் வீட்டிலேயே இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா?

நான்: வேண்டாம் அத்தை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பெரியம்மா: நேற்றே ஒரு பொட்டலம் வந்துவிட்டது.

அண்ணன்: யார் கொடுத்தது?

சித்தி: வளைகாப்புக்கு வாழையிலை 150 போதுமா? சமையல்காரர் கேட்கிறார்.

அண்ணன்: அம்மா, பொட்டலம் யார் கொடுத்தது?

சித்தப்பா: இலையை விடுங்கள். அடுத்த பி.எஸ்.ஏ.தான் முக்கியம். புராஸ்டேட்டை முழுதாக எடுத்தாயிற்று, அதனால் 6 வாரத்துக்குள் ரத்தத்தில் அது 0.1க்குக் கீழே போய்விட வேண்டும். பிற்பாடு 0.2ஐத் தொட்டு, மறுமுறை எடுத்தும் அப்படியே இருந்தால்தான் திரும்பிவிட்டது என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுக்க வேண்டும்.

நான்: இன்னொன்று. அந்த 4 என்பது இதே மாதிரி அறிக்கை வந்த பலரைப் பார்த்துப் போட்ட கணக்கு. பெரியப்பா ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

அத்தை: அண்ணே, சாப்பிட்டாயா?

பெரியப்பா: இட்லி. தம்பி, திரும்பி வந்தால் எவ்வளவு காலம்?

சித்தப்பா: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999இல் 1,997 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியது 15 சதவீதம் பேருக்கு. உனக்கு ஓரம் பாசிட்டிவ் என்பதால் அந்த 15ஐ அப்படியே உனக்கு எடுத்துக்கொள்ளாதே. ஆனால் ஏறியவர்களுக்கும் வேறு உறுப்புக்குப் பரவ இடைநிலையாக 8 ஆண்டுகள் ஆயின, அதாவது பாதிப் பேருக்கு அதற்கு மேல். இப்போதெல்லாம் அதுவரை காத்திருப்பதில்லை அண்ணா, ஏறத் தொடங்கும்போதே கதிர்வீச்சு கொடுத்துவிடுகிறார்கள்.

பெரியப்பா: 8 என்றால், பிறக்கப்போகும் குழந்தையை நானே பள்ளியில் சேர்த்துவிடுவேன்.

பெரியம்மா: அதற்கு மேலும் இருப்பீர்கள்.

அண்ணன்: 6 வாரம் முடிவது வளைகாப்பு வெள்ளிக்கிழமையில். எனக்குக் கோவையிலிருந்து அன்று காலைதான் வர முடியும். அப்பாவோடு யார் போவது?

பெரியம்மா: தம்பி, நீங்கள் பி.எஸ்.ஏ. எப்போது பார்த்தீர்கள்?

சித்தப்பா: எனக்கு ஒன்றும் இல்லை மதினி.

நான்: உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு இரு மடங்குக்குக் குறையாது சித்தப்பா.

சித்தி: நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: நீயே என்னோடு வா. இருவருக்கும் எடுத்துவிடலாம்.

சித்தப்பா: அன்றைக்குப் பந்தல் வேலை இருக்கிறது அண்ணா. பார்க்கலாம்.

சித்தி: ஆய்வகம் 7 மணிக்கே திறந்துவிடும்.

அத்தை: 150 இலை போதாது. 200 சொல்.