பழைய மாணவர்களைக் கண்டறிய உதவி தேவை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் இதழியல், தொடர்பியல் துறையில் 1990-களில் பயின்றவர்கள் இன்று எங்கே, என்ன பணியில் இருக்கிறார்கள் என்று தொகுத்து வருகிறோம். நான் வேலூரில் வசிப்பதால் இப்பகுதியினரைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையில் இருப்பது பழுப்புத்தாள் அட்டை போட்ட பழைய பதிவேடு ஒன்றுதான். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்த பிறகும் பலர் பழக்கத்தில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே முகவரி எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆரணியும் செய்யாறும் அப்போதே திருவண்ணாமலையோடு போயின, 2019-இல் அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. 0416 என்று தொடங்கும் எண்களில் ஒன்றுகூட இப்போது ஒலிக்கவில்லை. நான் அனுப்பிய கடிதங்களில் நான்கு திரும்பி வந்துவிட்டன.

உங்களோடு படித்தவர்களில் யாருடன் தொடர்பு இருந்தாலும், அவர்களிடம் அனுமதி பெற்று, எனக்குத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். எண்களைக் குழுவில் பொதுவாகப் பதிய வேண்டாம். செய்தியாளர், வானொலி அறிவிப்பாளர், ஆசிரியர் என்று துறையிலேயே நிலைத்தவர்கள் எளிதில் அகப்படுகிறார்கள். ஆம்பூரில் தோல் வணிகம் பார்ப்பவரும், குடியாத்தத்தில் பயிர் செய்பவரும், பிள்ளைகளுக்காக வேலையை விட்ட தோழிகளும்தான் ‘எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது’ என்று ஒதுங்குகிறார்கள். எனக்கோ அவர்கள் கதைதான் முதலில் வேண்டும். ஐந்தாறு வரிகள் போதும். மறைந்தவர்களைப் பற்றிய தகவலையும் தயங்காமல் எழுதுங்கள்.

பெண்கள் பலருக்குத் திருமணத்திற்குப் பின் தலைப்பெழுத்து மாறியிருக்கும் என்பதால் பழைய பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். பொங்கலுக்கு முன் கிடைத்தால் தொகுப்பில் சேர்த்துவிடலாம்.