நிரலில் தமிழ் எழுத்து படுத்திய பாடு: உங்கள் அனுபவம் என்ன?

கரூர்க்காரன்
ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை. பள்ளி ஒன்றுக்கு அடையாள அட்டை அச்சிடும் மென்பொருள். யாரோ எப்போதோ எழுதியது, பராமரிப்பு மட்டும் என் தலையில். தந்தை பெயரிலிருந்து முன்னெழுத்தைத் தானாக எடுக்கும். எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: சரத்தின் (அதாவது உரையின்) பூஜ்யமாவது இடம், முதல் குறி மட்டும். உயிர்க்குறி கணினிக்குத் தனிக் குறி. கோவிந்தனுக்கு 'க'. செல்வராஜுக்கு 'ச'. மீனாட்சிசுந்தரத்துக்கு 'ம'. ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதில் எல்லாம் சரியாகத்தான் வரும்.

தமிழாசிரியர் கூப்பிட்டார் என்று போனேன். ஐயா திட்டவே இல்லை. அட்டைக் கட்டை மேசையில் பிரித்து வைத்து, மெல்லிய சிவப்பு மார்க்கரால் ஒவ்வொரு 'க'வுக்கும் முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் துணைக்கால் என்று போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "தம்பி, உங்க கம்ப்யூட்டருக்கு உயிர்மெய் சொல்லிக் கொடுக்கலையா?" என்றார். பக்கத்தில் முடித்த அட்டைகள் ஒரு அடுக்கு. எல்லாவற்றிலும் கொம்பு ஒரே அளவு.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பல்லவன்_பின்சீட்
பேருந்து முன்பதிவு. ஊர்ப் பட்டியலில் "பவானி இல்லை" என்று கவுன்டரிலிருந்து புகார் வரும். "இருக்கிறது" என்று பதில் எழுதி நம் ஆட்கள் மூடுவார்கள். மறுநாள் அதே புகார் மறுபடி திறந்திருக்கும். கடைசியில் நானே போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் மெதுவாக இறங்குகிறது: பரமக்குடி, பல்லடம், பள்ளிப்பாளையம். அங்கே நின்றுவிட்டது. "பாருங்க, 'ள'வே வந்துடுச்சு. பவானி இல்லை."

அவர் கணக்கு சரிதான். அகராதியில் ல, வ, ழ, ள. அதனால் பவானி, பழனி, பள்ளிப்பாளையம் என்றுதான் வர வேண்டும். யூனிகோடு (கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் முறை) எண் வரிசையிலோ ல, ள, ழ, வ. அப்படியே தலைகீழ்! ஆங்கில எழுத்துக்கு எண் வரிசையே அகரவரிசை மாதிரி நடந்துகொள்வதால் யாருக்கும் உறைக்கவில்லை. பட்டியலைத் தமிழ் வரிசைக்கு மாற்றிய அன்று புகார் நின்றது. ஆனால் 'ள'வில் நின்ற அந்த விரல் இன்னும் கண்ணில் இருக்கிறது.

மணி_அடிச்சாச்சு
இதற்கெல்லாம் சிரிக்கலாம். என்னுடையதில் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை.

பெற்றோருக்கு எஸ்எம்எஸ். அலுவலக அக்கா தட்டச்சு செய்தது இதுதான்: "அன்பான பெற்றோருக்கு வணக்கம். மழை பெய்தாலும் நாளை பள்ளிக்கு விடுமுறை இல்லை". அக்கா விரல்விட்டு எண்ணுகிறவர். இடைவெளியையும் சேர்த்து 45 எழுத்து, ஒரு செய்திக்குள் அடங்கும் என்று முடிவு செய்துவிட்டார். இயந்திரத்துக்கு அது 73. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ஆங்கிலச் செய்தி என்றால் 160 வரை போகும், தமிழ் என்றால் 70தான். அதைத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67.

67ஆவது இடம் எங்கே முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். "விடுமுறை".

இரண்டாவது துண்டு சில போன்களுக்குத் தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. வந்தவர்களுக்கும் காலையில் தனியாக ஒரு "இல்லை" மட்டும். ஒரு அப்பா போன் செய்து, "என்ன இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்க, நான் திரையைப் பார்த்தேன்.

நூலகப்பிரியன்
எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சரத்தைத் திருப்பிப் போடும் பயிற்சிக்கு ஒருவன் 'தமிழ்' என்று கொடுத்தான். முதலில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு புள்ளி, அப்புறம் 'ழிமத'. உதவியாளர் திரையில் அழுக்கு என்று துணியால் துடைத்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே உள்ளவர்கள் எல்லாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மொழி 'நீளம்' என்று தருவது எழுத்தின் எண்ணிக்கை அல்ல, குறியீட்டுப் புள்ளிகளின் (யூனிகோடில் தனி எண் பெற்ற குறிகளின்) எண்ணிக்கை. 'தமிழ்' என்பதற்கு பைத்தான் நிரல்மொழி 5 என்று சொல்லும். கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டில் எண்ணினால் 15, ஏனென்றால் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். நாம் எழுத்து என்று சொல்வதற்கு நெருக்கமாக எண்ண வேண்டுமென்றால் கிராஃபீம் பிரிப்பான் வேண்டும், அதாவது மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் ஒன்றாக எடுக்கும் கருவி. ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது, 2024இலிருந்து பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. கரூர்க்காரரின் முன்னெழுத்துக்கு அதில் முதல் துண்டை எடுத்தால் போதும், 'கோ' முழுதாக வரும். பேருந்துக்காரருக்கு: வரிசைப்படுத்தும்போது மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டல் கொலேட்டரிடம் (Intl.Collator) தமிழ் என்று சொல்லுங்கள். தரவுத்தளத்திலேயே செய்வதென்றால் போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து ஐசியு (பல மொழிகளின் அகரவரிசை தெரிந்த நிரல் நூலகம்) வரிசை கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே வரும் உரையை வாசலிலேயே என்எஃப்சிக்கு (NFC, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு விதி) மாற்றுங்கள். 'கொ' என்பது ஒரே குறியாகவும் வரலாம், கொம்பு தனி கால் தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. என்எஃப்சி செய்துவிட்டால் தேடல் தொல்லை முடிந்தது.

காவிரிக்கரை
முடிந்ததா? என்எஃப்சி போதும் என்கிறவர்களை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

பொட்டலம் விநியோகிக்கும் செயலி. பகுதிப் பெயர்கள் வரும் கீழிறங்கு பட்டியலில் ஸ்ரீரங்கம் இரண்டு தடவை, அடுத்தடுத்து, ஒரே மாதிரி. வண்டி எடுக்கும் பையன் வந்து, "அண்ணே, இதில் எது நம்ம ஸ்ரீரங்கம்?" என்று கேட்கிறான். பாதிப் பொட்டலம் ஒன்றில், மீதி இன்னொன்றில். என்எஃப்சி போட்டுத்தான் வைத்திருந்தோம்.

காரணம்: ஒன்றில் ஸ்ரீ தொடங்குவது 'ஸ'வில், மற்றதில் 'ஶ'வில். இந்த 'ஶ' யூனிகோடுக்குள் வந்ததே 2005இல்தான். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டு ஸ்ரீயும் அச்சு ஒன்றாகத் தெரியும், ஆனால் விதிப்படி அவை வேறு வேறு சரங்கள், என்எஃப்சி தொடாது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டிய ஔவையாரும் அப்படியே தனியாக நிற்பார். இதற்கு நீங்களே அட்டவணை போட்டு ஒன்றுசேர்ப்பதைத் தவிர வழியில்லை.

நூலகப்பிரியன்
ஸ்ரீ விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து வழிமுறையைக் குறை சொல்ல முடியாது.

காவிரிக்கரை
எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பாருங்கள் சார், விதியே அதுதான்.

நிரல்வேலி
சண்டைக்கு நடுவில் என்னுடையது. தமிழ் விழாவுக்கு ஒரு சொல்மேகம் கேட்டார்கள். அதுதான், அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியுமே, அந்தப் படம். தன்னார்வலர் ஒருவர் இணையத்தில் கிடைத்த பைத்தான் நிரலை ஓட்டிப் படத்தை நேராக அச்சகத்துக்கே அனுப்பிவிட்டார். மேடைக்குப் பின்னால் இருபதடி பேனர். நட்டநடுவில், இருப்பதிலேயே பெரிய இரண்டு சொற்கள்: 'தம', 'ழ'.

பைத்தானோடு வரும் ரெஜெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் கருவி) 'சொல்லின் எழுத்து' என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எண்ணாது. அங்கங்கே வெட்டிவிடும். தனியாக நிறுவிக்கொள்ளும் ரெஜெக்ஸ் மாட்யூல் வெட்டாது. இதெல்லாம் எனக்கே பிறகுதான் தெரியும். அன்று முன்வரிசையில் ஒரு சிறுமி "தம... ழ" என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். தலைமை விருந்தினர் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் ஒரே வேண்டுதல்.

அறுசீர்
இத்தனை பேர் கதைக்கும் மூலகாரணம் ஒன்றுதான், அதை யாரும் சொல்லவில்லை. 1991இல் யூனிகோடு வந்தபோது இந்திய மொழிகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி (இந்திய எழுத்துகளுக்கான குறியீட்டு) முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தேவநாகரிக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தந்திருந்தால் முன்னெழுத்தும் சரியாக வந்திருக்கும், எஸ்எம்எஸ்ஸும் சுருங்கியிருக்கும். அதற்காகத்தான் டேஸ்16 (TACE16) என்ற தமிழ்க் குறியீட்டு முறை உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்று ஆணை போட்டது. எத்தனை பேர் பயன்படுத்தினீர்கள்? தனி இடம் கேட்டால் பேராசை என்றார்கள், இப்போது நிரல் நூலகத்துக்கு மேல் நிரல் நூலகம் அடுக்குகிறீர்கள். என் அனுபவம் என்று கேட்டால், இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லி எல்லாக் கூட்டத்திலும் என் மைக்கை வாங்கியிருக்கிறார்கள்.

கரூர்க்காரன்
ஐயா, டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில்தான் (பொது எழுத்து எதற்கும் ஒதுக்காத எண்களில்) உட்கார்ந்திருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத போனில் வெறும் கட்டம்தான் தெரியும். ஏற்கெனவே போட்ட எண்களை யூனிகோடு இனி மாற்றவும் போவதில்லை. ஆதங்கம் புரிகிறது, நாளைக்கு நான் கொடுக்க வேண்டிய அட்டைக்கு அது உதவாது. கதை இருந்தால் சொல்லுங்கள்.

வடலியடி
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு யூனிகோடாவது இருந்தது. நாங்கள் ஒரு பழைய சஞ்சிகையின் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம், முழுவதும் பாமினி. தெரியாத தம்பிமாருக்கு: பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. தட்டச்சுப் பொறி மாதிரிக் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் மெய் அடிப்பது. ஆகவே மாற்றி, எழுத்தை மட்டுமல்ல, வரிசையையும் திருப்ப வேண்டும். அதெல்லாம் வடிவாகச் செய்துவிட்டோம்.

முதல் இதழை மாற்றிப் பழைய ஆசிரியருக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆறுதலாக வாசித்தார். ஒரு இடத்தில் நின்று, "உது என்ன தம்பி, றறற?" என்றார்.

இணைய முகவரி. முன்னால் வரும் மூன்று டபிள்யூவும் மூன்று 'ற' ஆகிவிட்டன. எது உண்மையான ஆங்கிலம், எது பாமினி என்று வெறும் உரைக் கோப்பில் அடையாளமே இல்லை. இதழ் முழுக்க றறற.

நூலகப்பிரியன்
அதற்கு எளிய வழி இருக்கிறது. தமிழ்ச் சொல் எதிலும் மூன்று 'ற' ஒட்டி வராது. அதைக் கண்டால் மூன்று டபிள்யூ என்று மாற்ற ஒரு விதி எழுதுங்கள்.

வடலியடி
அது முதல் நாளே எழுதியாச்சு அண்ணை. மின்னஞ்சலில் டபிள்யூ இராதே. வாசகர் கடிதப் பக்கத்தில் யாஹூ முகவரி எல்லாம் 'லயாழழ' என்று நிற்கிறது. அதற்கும் விதி எழுதினேன். இப்போது ஒவ்வொருவரின் பெயராக வந்துகொண்டிருக்கிறது.